இரண்டு டர்போக்கள், ஒரே குழாய்: தொப்பூர் ஏற்றத்தில் திணறிய ஒரு பெட்ரோல் கார்

2024 மே மாதக் கடைசியில், காரிமங்கலம் பக்கத்துத் தக்காளி வியாபாரி ஒருவர் தம்முடைய காரைத் தருமபுரியில் உள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வண்டி 74,300 கிலோமீட்டர் ஓடியிருந்தது. டிக்கியைத் திறந்து, சணல் சாக்கில் சுற்றி வைத்திருந்த ஒரு பழைய டர்போவை எடுத்து மேசைமேல் வைத்தார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிதான் டர்போ. இது வேறொரு பட்டறையில் 68,900 கிலோமீட்டரில் கழற்றியது. புதியதைப் போட்ட பிறகு 5,400 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. அதற்குள் பழைய கோளாறு அப்படியே திரும்பிவிட்டது. “டீசல் வண்டியில இருபது வருஷம் ஓட்டுனவன் தம்பி நான். ஒரு டர்போகூட மாத்துனதில்ல. இது மட்டும் ஏன் இப்படி முக்குது?” என்று கேட்டார்.

பழைய டர்போவை அவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்தது எங்களுக்குப் பெரிய உதவியாயிற்று. ஒரே எஞ்சினில் அடுத்தடுத்துக் கெட்ட இரண்டு டர்போக்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. அவை இரண்டும் ஒரே இடத்தில், ஒரே விதமாகத் தேய்ந்திருந்தால், குற்றம் டர்போவினுடையது அல்ல, அதற்கு வெளியே இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

அவர் சொன்ன குறை இதுதான். வாரத்தில் மூன்று நாள் சேலம் போய்வருகிறார். திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி இழுவை இழக்கிறது, எஞ்சின் விளக்கு எரிகிறது. சுங்கச் சாவடி வரிசையில் சில நிமிடம் நின்று கிளம்பினால் பின்னால் நீலப் புகை வருகிறது. 1,500 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது புகை வருகிறதா என்று நாங்கள் குறிப்பாகக் கேட்டோம். இல்லை என்றார். இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் ஒரு மூச்சு நீலப் புகை விட்டு அடங்கினால் வால்வு சீல்களைச் சந்தேகிக்க வேண்டும். சும்மா ஓடிக்கொண்டு நின்ற பிறகு கிளம்பும்போது புகைந்தால் டர்போவில் எஞ்சின் புகை மோதிச் சுழற்றும் டர்பைன் பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையைக் குறைத்தது.

எஞ்சினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1,000 சிசிக்குச் சற்றுக் குறைவான கொள்ளளவு, மூன்று சிலிண்டர்கள், பெட்ரோலை நேரடியாக எரியறைக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள், ஒரே ஒரு சிறிய டர்போ. இந்த அளவுள்ள டர்போ எஞ்சின்கள் இந்தியச் சந்தையில் 100 முதல் 120 பிஎஸ் குதிரைத்திறனும் 150 முதல் 180 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு விசையும் தருகின்றன. டர்போ இல்லாத 1.0 லிட்டர் எஞ்சின் தருவது 67 பிஎஸ், 90 நியூட்டன் மீட்டர் அளவில்தான். 2006 முதல் நான்கு மீட்டருக்குட்பட்ட நீளமும் 1,200 சிசிக்குட்பட்ட பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு வரிச் சலுகை உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6) மாசு விதிகள் வந்தபோது சிறிய டீசல் எஞ்சின்கள் பலவும் கடையைக் கட்டின. இவ்விரண்டும் சேர்ந்துதான், டீசல் இழுவைக்குப் பழகிய நம்மூர் ஓட்டுநர்களின் கையில் இந்தச் சிறிய டர்போ பெட்ரோலைக் கொண்டுவந்து கொடுத்தன.

வெளியேறும் புகையின் விசையால் டர்பைன் சக்கரம் சுழல, அதே ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர் சக்கரம் காற்றை அழுத்தி, இன்டர்கூலரில் குளிர்வித்து எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இந்த யோசனைக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். சிறிய டர்போக்களின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுகளைத் தாண்டும். பெட்ரோல் எஞ்சினின் புகை, முழு விசையில் 950 டிகிரி செல்சியஸையும் கடக்கும். டீசலில் அது பொதுவாக 800 டிகிரியை ஒட்டியே நிற்கும். வியாபாரியின் கேள்விக்குப் பாதி விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது. இவ்வளவு வேகத்தில், இவ்வளவு சூட்டுக்கு அருகில், ஷாஃப்ட் உலோகத்தின்மேல் உட்கார்ந்து சுழல்வதில்லை. ஒரு மெல்லிய ஆயில் படலத்தின்மேல் மிதந்துகொண்டு சுழல்கிறது. அந்தப் படலம் சில நொடிகள் அறுந்தாலும் பேரிங் காயப்பட்டுவிடும்.

முதலில் ஸ்கேனரை இணைத்தோம். பி 0299 என்ற குறியீடு வந்தது; டர்போ அழுத்தம் போதவில்லை என்பது அதன் பொருள். இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்னும் பி 0302 நினைவகத்தில் பழையதாகக் கிடந்தது. சாவியை மட்டும் போட்டு, எஞ்சினை ஓட்டாமல் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தத்தைப் பார்த்தோம்: 96 கிலோபாஸ்கல். தருமபுரி கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருப்பதால் இங்கே அதுதான் சரியான அளவு. ஆகவே சென்சார் பொய் சொல்லவில்லை. பிறகு சாலையில், மூன்றாம் கியரில் முழு விசை கொடுத்தபோது, கணினி கேட்டது 195 கிலோபாஸ்கல், கிடைத்தது 141.

அழுத்தம் குறைந்தால் உடனே டர்போவைக் கழற்றுவது நம் தொழிலில் ஒரு கெட்ட பழக்கமாகிவிட்டது. கிளாம்ப் தளர்ந்த ஹோஸ், வெடித்த இன்டர்கூலர், மூடாத வேஸ்ட்கேட் (மிகுதியான புகையை டர்பைன் வழியே விடாமல் வெளியேற்றும் கதவு) ஆகிய மூன்றும் இதே குறியீட்டைக் கொடுக்கும். புகை விட்டுச் சோதித்தோம். எங்கும் கசிவு இல்லை. வேஸ்ட்கேட் கம்பி சரியாக நகர்ந்தது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் வாயைத் திறந்து, அதன்மேல் மெல்லிய பாலிதீன் தாளை வைத்தோம். தாள் இலேசாக உள்வாங்கியது. ஊதி மேலெழுந்திருந்தால் பிஸ்டன் ரிங்குகள் வழியே அழுத்தம் கீழே இறங்குகிறது என்றும், தாளைப் பலமாக உள்ளிழுத்திருந்தால் கிராங்க்கேஸ் காற்று வால்வின் சவ்வு கிழிந்திருக்கிறது என்றும் கொண்டிருப்போம். இரண்டும் இல்லை. மூன்று சிலிண்டர்களின் அமுக்க அழுத்தமும் 12.1, 11.8, 12.0 பார் என்று ஏறத்தாழச் சமமாக இருந்தது.

அமுக்க அழுத்தம் சரியாக இருந்தது உண்மையில் எங்களுக்கு வியப்பு. காரணம், அவர் ஓட்டும் விதம். உடன் சென்று பார்த்தபோது, ஏற்றத்திலும் ஐந்தாம் கியரை விடாமல், 1,400 சுற்றில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடித்திருந்தார். டீசலில் அது சிக்கனம். நேரடி இன்ஜெக்ஷன் உள்ள டர்போ பெட்ரோலில் ஆபத்து. குறைந்த சுற்றில் மிகுந்த அழுத்தம் ஏறும்போது, பிளக் பொறி விடுவதற்கு முன்னரே சிலிண்டருக்குள் மிதக்கும் ஆயில் துளிகளோ கரித்துகளோ தானாகப் பற்றிக்கொண்டு, பிஸ்டனில் ரிங்குகளைத் தாங்கும் வரம்பையே உடைக்கக்கூடிய அளவுக்கு அடி விழும். ஆயிலில் சேர்க்கும் கால்சியம் சார்ந்த சேர்மானங்கள் இதைத் தூண்டுகின்றன என்று தெரிந்த பிறகுதான், 2018இல் எஸ்என் ப்ளஸ், 2020 மே மாதம் எஸ்பி என்று ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகுக்கும் ஆயில் தரங்கள் மாறின. டப்பாவில் அச்சிட்டிருக்கும் அந்த இரண்டு எழுத்தைப் படிக்காமல் “நல்ல ஆயில்தான்” என்று லாரி எஞ்சின் ஆயிலை ஊற்றுபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறோம். இவருக்கு நல்லூழ்; பிஸ்டன் தப்பித்திருந்தது.

இனி டர்போவைக் கழற்றலாம் என்று முடிவு செய்தோம். ஷாஃப்டை விரலால் பக்கவாட்டில் அசைத்தால், ஆயில் இல்லாத நிலையில் சிறிது ஆட்டம் இருக்கத்தான் செய்யும். மிதக்கும் பேரிங்கின் இயல்பு அது. முன்னும் பின்னும் இழுத்தால் ஏறத்தாழ அசையவே கூடாது. இங்கே டயல் கேஜில் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் காட்டியது. கம்ப்ரஸர் சக்கரம் கூட்டின் சுவரை உரசிய பளபளப்பான கீறலும் தெரிந்தது. சாக்கிலிருந்த பழைய டர்போவிலும் அதே இடத்தில் அதே கீறல். இரண்டையும் பிரித்தபோது, இரு ஷாஃப்டுகளும் டர்பைன் பக்கம் மட்டும் கருநீலமாக நிறம் மாறியிருந்தன. கம்ப்ரஸர் பக்கம் வெள்ளியாகவே இருந்தது. ஆயில் போதாமல் சூடேறிய எஃகின் நிறம் அது. முதல் டர்போவும் இரண்டாவதும் ஒரே பட்டினியில் செத்திருக்கின்றன.

ஆயில் வரும் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தோம். சுண்டுவிரல் தடிமனுள்ள எஃகுக் குழாய். எஞ்சின் முனையிலிருந்து பார்த்தால் உள்ளே ஊசி முனையளவு வெளிச்சம்தான் தெரிந்தது. மெல்லிய கம்பியை விட்டுச் சுரண்டியபோது, அடிப்பிடித்த பாத்திரத்திலிருந்து வருவது போலக் கறுப்புச் செதில்கள் உதிர்ந்தன. குழாயை இணைக்கும், உள்ளே துளையுள்ள பான்ஜோ போல்ட்டின் பக்கத்துளைகளில் ஒன்று முழுதாக அடைந்திருந்தது. போன முறை டர்போவை மாற்றியவர்கள் இந்தக் குழாயைத் துடைத்து அப்படியே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். புது டர்போவுக்கு வாடிக்கையாளர் கொடுத்தது 78,000 ரூபாய். போல்ட்டுகளும் தாமிர வாஷர்களும் சேர்த்துக் குழாயின் விலை 2,600 ரூபாய். டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாயின் கேஸ்கெட்டில் தாராளமாகத் தடவியிருந்த சிலிக்கான் பசையைக் கண்டதும் ஒரு கணம் அதுதான் காரணமோ என்று நினைத்தோம். ஆனால் அது துளையை மறைக்கவில்லை.

பெரும்பாலான பட்டறைகளில் ஆய்வு இந்த இடத்தோடு நின்றுவிடும். “ஆயிலை நேரத்துக்கு மாற்றவில்லை, அதனால் கரி பிடித்தது” என்று எழுதி முடித்துவிடலாம். அவர் ஒரு முறை 20,000 கிலோமீட்டர் வரை மாற்றாமல் ஓட்டியதும் உண்மைதான். எங்களை நிறுத்தியது ஒரு சிறிய விவரம். குழாயில் கரி சமமாகப் பிடித்திருக்கவில்லை. டர்போவை ஒட்டிய நான்கு விரற்கடை தூரத்தில்தான் அடைப்பு; எஞ்சின் பக்கம் குழாய் ஏறத்தாழச் சுத்தமாக இருந்தது. ஆயிலே மொத்தமாகக் கெட்டிருந்தால் வால்வு மூடியின் அடியிலும் சம்ப் என்னும் ஆயில் தொட்டியிலும் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் வலையிலும் கறுப்புப் பிசின் தேங்கியிருக்க வேண்டும். சம்ப்பைக் கழற்றிப் பார்த்தோம்: இளம் பழுப்பு நிறப் பூச்சு மட்டும்; வலை திறந்தே இருந்தது. ஆகவே ஆயில் ஓடும்போது கெடவில்லை. நின்ற பிறகு, டர்போவின் வாசலில், கருகியிருக்கிறது.

ஏற்றம் ஏறி முடித்ததும் எஞ்சினை உடனே நிறுத்தினால், பழுத்திருக்கும் டர்பைன் கூட்டின் சூடு நடுப்பகுதிக்குள் ஊறி இறங்கும். அந்த நேரத்தில் ஆயிலும் ஓடாது, தண்ணீரும் ஓடாது. எனவே எஞ்சின் நின்ற பிறகுதான் பேரிங் கூட்டின் வெப்பம் உச்சத்துக்கு ஏறுகிறது. இதற்காகவே இந்த எஞ்சினில் ஒரு சிறிய மின்சாரத் தண்ணீர் பம்ப் வைத்திருக்கிறார்கள். சாவியை எடுத்த பிறகும் தேவைப்பட்டால் சில நிமிடங்கள் அது டர்போவுக்குள் கூலண்ட்டைச் சுற்றவிடும். கணவாய் ஏறியதும் மேலே ஒரு தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்துவது வழக்கமா என்று கேட்டோம். “அங்க நிறுத்தாம எப்பிடி தம்பி?” என்றார்.

ஸ்கேனர் வழியாக அந்தப் பம்ப்பை இயக்கச் சொன்னோம்; சத்தமே இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது, இணைப்பில் 12.4 வோல்ட் வந்துகொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தபோது சக்கரத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று ஓடு கட்டி, விரலால் திருப்ப முடியாதபடி இறுகியிருந்தது. பட்டறைப் பையன் பக்கத்துக் கடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை வாங்கிவந்து, பெயர்த்தெடுத்த துண்டின்மேல் நாலு சொட்டுப் பிழிந்தான். நுரைத்தது. சுண்ணாம்புப் படிவம். இந்த வண்டியின் கணினி, பம்ப்புக்கு மின்சாரம் அனுப்புவதோடு சரி. அது சுழல்கிறதா என்று பார்ப்பதில்லை. அதனால் இதற்கென்று குறியீடு எதுவும் பதிவாகியிருக்கவில்லை.

அதற்கு மேல் விசாரித்ததில் கதை வெளிவந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன் பென்னாகரம் சாலையில் ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று பிளந்து கூலண்ட் முழுதும் கொட்டிவிட்டது. ஹோஸை மாற்றியதும், வழியில் ஒரு தோட்டத்து போர்வெல் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வீடு வந்தார். அது அவசரத்துக்குச் சரிதான். ஆனால் அதன் பிறகும் குறையும்போதெல்லாம் அதே தண்ணீரையே ஊற்றிவந்திருக்கிறார். எங்களிடம் வந்தபோது ரிசர்வ் டப்பாவில் கூலண்ட்டின் நிறமே இல்லை. நீர்மோர் போலக் கலங்கியிருந்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபுளோரைடு மிகுந்த அந்த நீருக்கு மாற்றாகத்தான் ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு வேறு, ரேடியேட்டரை அடைக்கும் கடினத்தன்மை வேறு. பின்னதற்குக் காரணம் நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும். பானையின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவம், எஞ்சினுக்குள் எங்கே சூடு மிகுதியோ அங்கே முதலில் படியும். டர்போவின் நடுக்கூடு அப்படிப்பட்ட இடம். “நம்மூர்ல என்ன பனியா உறையுது, கூலண்ட் எதுக்கு?” என்று கேட்பவர்கள் பலர். கூலண்ட்டின் வேலை உறையாமல் காப்பது மட்டுமன்று. கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினியம் அரிக்காமல் காப்பதும் அதன் வேலைதான்.

ஊற்ற வேண்டிய திரவத்தைப் பொருட்படுத்தாமல் விடும் இந்தப் பழக்கத்துக்கு, டர்போ பெட்ரோல் கார்களின் தொடக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், முன்வெடிப்பைத் தடுப்பதற்காகத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் சுமந்தது. பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள்.

பழுதுபார்த்த விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டர்போவின் உட்பகுதியை மட்டும் புதிதாக மாற்றி, ஆயில் குழாய், பான்ஜோ போல்ட்டுகள், தாமிர வாஷர்கள், தெர்மோஸ்டாட், மின்சாரப் பம்ப் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டோம். குளிர்விக்கும் பாதை முழுவதையும் சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவி, பிறகு காய்ச்சி வடித்த நீரை நான்கு முறை ஓடவிட்டு எடுத்தோம். மூன்றாம் முறை வரை வெள்ளைத் தூள் வந்துகொண்டேயிருந்தது. கூலண்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சமபங்கு கலந்து, வெற்றிட முறையில் காற்றுக் குமிழி தங்காமல் நிரப்பினோம். ஆயில், தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன பாகுத்தன்மையில், எஸ்பி தரத்தில்.

பழைய குறியீடு சொன்ன இரண்டாம் சிலிண்டரையும் விடவில்லை. நேரடி இன்ஜெக்ஷனில் பெட்ரோல் உள்வால்வுகளின் முதுகை நனைப்பதில்லை. ஆகவே ஆயில் ஆவி படிந்து அங்கே கரி கட்டும். டர்போ ஒழுக்கிய ஆயில் அதை இன்னும் கூட்டியிருந்தது. மேனிஃபோல்டைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்வால்வுகள் மூடியிருக்கும்படி கிராங்க்கைத் திருப்பி வைத்து, கரைப்பானும் நைலான் தூரிகையும் கொண்டு கையாலேயே சுரண்டினோம். ஒரு பகல் போயிற்று. வால்நட் கொட்டை ஓட்டுத் தூளைப் பீய்ச்சும் இயந்திரம் இருந்தால் இரண்டு மணி நேர வேலை. எங்களிடம் அது இல்லை.

முதல் ஸ்டார்ட்டில்தான் பல புது டர்போக்கள் பாதி ஆயுளை இழக்கின்றன. எனவே டர்போவின் ஆயில் வாயில் சிரிஞ்சால் ஆயிலை விட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றினோம். எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, திரும்பும் குழாயை ஒரு கிண்ணத்துக்குள் விட்டு, பத்துப் பத்து நொடிகளாக இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். நான்காம் சுற்றில் கிண்ணத்தில் ஆயில் விழுந்தது. அதன் பிறகே குழாயை மாட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, ஐந்து நிமிடம் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விட்டோம்.

மறுநாள் அவரையே ஓட்டச் சொல்லி, ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு, சேலம் பக்கமிருந்து தொப்பூர் ஏறினோம். மூன்றாம் கியரில் கேட்டது 195, கிடைத்தது 192. கூலண்ட் வெப்பம் 103 டிகிரியைத் தாண்டவில்லை. ஐந்தாம் கியருக்குப் போன அவருடைய கையை இரண்டு முறை தடுக்க வேண்டியிருந்தது. 2,200 சுற்றுக்குக் கீழே ஏற்றத்தில் இழுக்க வேண்டாம் என்பது நாங்கள் அவருக்குச் சொன்ன ஒரே ஓட்டுமுறை. மேலே வழக்கமான தேநீர்க் கடையில் நிறுத்தி, ஒரு நிமிடம் ஓடவிட்டுச் சாவியை எடுத்தார். பானெட்டுக்குள்ளிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்டது. “வண்டி ஆஃப் ஆகலையே தம்பி” என்று பதறினார். அது பம்ப் ஓடும் சத்தம் என்றும், இரண்டு ஆண்டுகளாக அவர் கேட்காமல் போனது அதுதான் என்றும் சொன்னோம். தேநீர் குடித்து முடிக்கும் வரை அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

83,500 கிலோமீட்டரில் மீண்டும் வந்தபோது ஆயில் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். இரு முனையிலிருந்தும் வட்டம் முழுதாகத் தெரிந்தது. ஷாஃப்டின் முன்பின் ஆட்டம் 0.05 மில்லிமீட்டர். இரு சர்வீஸ்களுக்கு இடையே ஆயில் அளவு கம்பியில் கால் பங்குகூட இறங்கவில்லை. டிக்கியில் பழைய டர்போ இருந்த சாக்கில், இப்போது ஐந்து லிட்டர் காய்ச்சி வடித்த நீர் கேன் ஒன்று இருந்தது.